கடலூர்–சித்தூர் சாலை: ஒரு மாநில நெடுஞ்சாலையைப் படிப்பது எப்படி?

கடலூரிலிருந்து நெல்லிக்குப்பம் வழியாகப் பண்ருட்டிக்குப் போகும் சாலைக்கு உள்ளூரில் பல பெயர்கள் உண்டு. மஞ்சக்குப்பத்துக்காரர்களுக்கு அது நெல்லிக்குப்பம் ரோடு. நெல்லிக்குப்பத்தில் நிற்பவருக்கு ஒரு பக்கம் கடலூர் ரோடு, மறுபக்கம் பண்ருட்டி ரோடு. நெடுஞ்சாலைத் துறைக்கு மட்டும் தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே பெயர்தான்: கடலூர்–சித்தூர் சாலை, மாநில நெடுஞ்சாலை எண் 9. சித்தூர் இருப்பதோ ஆந்திரத்தில். இடையே திருக்கோவிலூர், திருவண்ணாமலை, போளூர், வேலூர், காட்பாடி எல்லாம் வருகின்றன. சுமார் 200 கிலோமீட்டர். இந்தச் சாலையில் தினமும் கரும்பும் பலாப்பழமும் பள்ளிப் பிள்ளைகளும் போய்வரும் ஊர்களில், சித்தூரை ஒருமுறையாவது பார்த்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அப்புறம் ஏன் அந்தப் பெயர்?

அதற்கான பதில் இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு நிர்வாக ஏற்பாட்டில் இருக்கிறது. அதற்குள் போகுமுன், மாநில நெடுஞ்சாலை என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். தினமும் அதில் போகிறவர்களுக்கே அது தெளிவாகத் தெரிவதில்லை.

யாருடைய சாலை?

தேசிய நெடுஞ்சாலை என்றால் அகலமானது, மாநில நெடுஞ்சாலை என்றால் குறுகலானது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நான்கு வழியாக விரிந்து கிடக்கும் மாநில நெடுஞ்சாலையும் உண்டு. எதிரே பஸ் வந்தால் ஓரத்து மண்ணில் இறங்க வேண்டியிருக்கும் தேசிய நெடுஞ்சாலையும் உண்டு. பிரிவினை அகலத்தைப் பொறுத்ததல்ல, பொறுப்பைப் பொறுத்தது. சாலையை விரிவாக்குவதா, எந்த ஊரைச் சுற்றிப் பைபாஸ் போடுவது, செலவு யார் தலையில், குழி விழுந்தால் யாரைக் கேட்பது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை அந்தப் பிரிவில்தான் இருக்கிறது.

அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில் தேசிய நெடுஞ்சாலைகள் மத்தியப் பட்டியலில் உள்ளன. மற்ற சாலைகளும் பாலங்களும் மாநிலப் பட்டியலில் வருகின்றன. ஒரு சாலையைத் தேசிய நெடுஞ்சாலை என்று மத்திய அரசு அறிவிக்கும் வரை அது மாநிலத்தின் சாலைதான். இந்த அடுக்குமுறைக்கு அடித்தளம் போட்டது 1943-இல் நாக்பூரில் கூடிய தலைமைப் பொறியாளர்களின் மாநாடு. சாலைகளைத் தேசிய நெடுஞ்சாலை, மாகாண நெடுஞ்சாலை, மாவட்டப் பெருஞ்சாலை, மாவட்ட இதர சாலை, கிராமச் சாலை என்று வகுத்தவர்கள் அவர்களே. மாகாணங்கள் மாநிலங்களானபோது மாகாண நெடுஞ்சாலை மாநில நெடுஞ்சாலை ஆயிற்று. சென்னை மாகாணத்தில் நெடுஞ்சாலைக்கென்று தனித்துறை வந்தது 1946-இல். அதற்கு முன் பெரும்பாலான சாலைகள் ஜில்லா போர்டுகளின் கையில் இருந்தன. பழைய ஆட்கள் சில இடங்களில் இன்னும் 'போர்டு ரோடு' என்று சொல்வது அதனால்தான்.

மாநில நெடுஞ்சாலை என்பதன் வேலை, மாவட்டத் தலைநகரங்களையும் பெரிய ஊர்களையும் ஒன்றோடொன்று இணைப்பது, அவற்றைத் தேசிய நெடுஞ்சாலைகளில் கொண்டுபோய்ச் சேர்ப்பது. நம் 9-ஆம் எண் சாலை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கடலூரில் அது சென்னை–நாகப்பட்டினம் வழியான தேசிய நெடுஞ்சாலை 32-ஐ ஒட்டித் தொடங்குகிறது. பண்ருட்டியில் விக்கிரவாண்டி–தஞ்சாவூர் வழியான 36-ஐச் சந்திக்கிறது. மடப்பட்டில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையைக் குறுக்கே வெட்டுகிறது. வடக்கு தெற்காகப் போகும் மூன்று பெருஞ்சாலைகளையும் கிழக்கு மேற்காகத் தைத்துக்கொண்டு போகிறது என்று சொல்லலாம்.

பராமரிப்பது தமிழ்நாடு நெடுஞ்சாலைத் துறை. கோட்டப் பொறியாளர், அவருக்குக் கீழ் உதவி கோட்டப் பொறியாளர், உதவிப் பொறியாளர், சாலை ஆய்வாளர், கடைசியில் வெயிலில் நின்று புல் வெட்டி, குழி மூடி, கல்லுக்கு வண்ணம் அடிக்கும் சாலைப் பணியாளர்கள் என்று வரிசை போகிறது. 1997-இல் வேலைக்கு எடுக்கப்பட்ட சாலைப் பணியாளர்கள் 2002-இல் மொத்தமாக நீக்கப்பட்டு, 2006-இல் திரும்பச் சேர்க்கப்பட்டது பலருக்கும் நினைவிருக்கும். சாலை என்றதும் டெண்டரும் ஒப்பந்ததாரரும்தான் பேச்சில் அடிபடுகிறார்கள். ஓரத்துப் புதரை வெட்டும் ஆள் இல்லாவிட்டால் மழைநீர் வாய்க்காலுக்குப் போகாது, தார் தங்காது என்பது பேச்சில் வருவதில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நெல்லிக்குப்பத்துக்கு வடக்கே பெண்ணையாற்றைத் தாண்டினால் பாகூர், மடுகரைப் பக்கம் புதுச்சேரி யூனியன் பிரதேசப் பகுதி. வயல் ஒன்றுதான், பேச்சு ஒன்றுதான், கல்யாண உறவும் உண்டு. ஆனால் தமிழ்நாட்டு நெடுஞ்சாலை எண்ணும் பொறுப்பும் எல்லையில் நின்றுவிடும். அங்கே சாலையைப் பார்த்துக்கொள்வது புதுச்சேரி பொதுப்பணித் துறை. 1954-இல் பிரெஞ்சு ஆட்சி விலகும் வரை அந்த எல்லைகளில் சுங்கச் சாவடிகளே இருந்தன. ஒரே தார்ச்சாலையில் ஏதோ ஓரிடத்தில் திடீரென்று தரம் மாறினால், நல்லதாகவோ கெட்டதாகவோ, பெரும்பாலும் அது எல்லைக்கோடுதான்.

கல்லும் கட்டையும் மரமும்

ஒரு சாலை யாருடையது என்று தெரிந்துகொள்ள அலுவலகத்துக்குப் போக வேண்டியதில்லை. ஓரத்தில் நிற்கும் கிலோமீட்டர் கல்லின் தலையைப் பார்த்தால் போதும். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை. பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்ட சாலைகளில் ஆரஞ்சு. மாவட்டச் சாலைகளில் கறுப்போ நீலமோ இருக்கும். பண்ருட்டி நான்குமுனைச் சந்திப்புப் பக்கம் போனால் மஞ்சளும் பச்சையும் பக்கத்துப் பக்கத்துச் சாலைகளில் நிற்பதைக் காணலாம்.

கிலோமீட்டர் கற்களுக்கு நடுவே 200 மீட்டருக்கு ஒன்றாகச் சிறு கற்களும் உண்டு. ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை வரும் கல் மட்டும் கொஞ்சம் பெரியது. அதில் ஊர்ப்பெயர்களும் கூடுதலாக இருக்கும்.

இதைவிட உதவியானது சிறுபாலங்களின் கைப்பிடிச் சுவரில் எழுதியிருக்கும் எண். 18/3 என்று இருந்தால் பதினெட்டாவது கிலோமீட்டரில் மூன்றாவது பாலம் என்று பொருள். சாலை தொடங்கும் இடத்திலிருந்து எண்ணிக்கொண்டே வருவார்கள். பொறியாளர்கள் ஒரு இடத்தைச் சொல்வது இந்தக் கணக்கில்தான். 'மாரியம்மன் கோயிலுக்கு எதிரே பெரிய பள்ளம்' என்று மனு எழுதினால் ஊருக்கு நான்கு மாரியம்மன் கோயில் இருக்கும். '9-ஆம் எண் மாநில நெடுஞ்சாலை, 18/3 பாலத்துக்கு அருகில்' என்று எழுதிப் பாருங்கள், மனுவைப் படிப்பவருக்கு இடம் உடனே தெரிந்துவிடும். ஆறு மீட்டர் நீளம் வரை சிறுபாலம் (கல்வெர்ட்), அதிலிருந்து அறுபது மீட்டர் வரை சிறிய பாலம் (மைனர் பிரிட்ஜ்), அதற்கு மேல் பெரிய பாலம் என்பது துறையின் பிரிப்பு.

மூன்றாவது அடையாளம் மரம். சாலையோரப் புளியமரங்களின் அடிமரத்தில் வண்ணப் பட்டை அடித்து எண் எழுதியிருப்பார்கள். அவை துறையின் சொத்து; புளி மகசூலை ஏலம் விடுவார்கள். நடந்தும் மாட்டுவண்டியிலும் போன காலத்தில் நிழலுக்காக வைத்த மரங்கள் அவை. சுமைதாங்கிக் கல், சாவடி, கிணறு எல்லாம் அதே காலத்துத் தேவைகள். அகலப்படுத்தும்போது முதலில் போவது இந்த மரங்கள்தான். ஒன்றை வெட்டினால் பத்து நட வேண்டும் என்று சொல்லப்படுகிறது. நட்ட பத்தும் நூறாண்டுப் புளியமரத்தின் நிழலைத் தர எவ்வளவு காலமாகும் என்று யாரும் கேட்பதில்லை. அகலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பண்ருட்டிச் சாலையில் கரும்பு டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட எவரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

கடலூரிலிருந்து பண்ருட்டி வரை

இந்த 25 கிலோமீட்டர்தான் சாலையின் மிகப் பழைய கதைகள் கிடக்கும் இடம். வடக்கே பெண்ணையாறு, தெற்கே கெடிலம். இரண்டுக்கும் நடுவிலுள்ள வண்டல் நிலத்தின் மேல் சாலை போகிறது. விழுப்புரம் போகும் ரயில் பாதையும் கூடவே வருகிறது. நெல்லிக்குப்பம், மேல்பட்டாம்பாக்கம், பண்ருட்டி என்று சாலையிலும் ரயிலிலும் ஒரே ஊர்ப் பட்டியல்.

இரண்டு ஆறுகளுக்கு நடுவே நடப்பது மனிதர்களுக்கு வசதி. தண்ணீர் கிடைக்கும், நெல் விளையும் ஊர்கள் அடுத்தடுத்து வரும், பெரிய ஆற்றைக் கடக்க வேண்டியதில்லை. தார் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்தப் பகுதியில் போக்குவரத்து இருந்ததற்கு அப்பர் வரலாறே சான்று. கல்லோடு கட்டிக் கடலில் போடப்பட்ட திருநாவுக்கரசர் கரையேறிய இடம் என்று கடலூரில் இன்றும் ஓர் இடத்தைக் காட்டுகிறார்கள். கரையேறவிட்ட குப்பம் என்றே அதற்குப் பெயர். அங்கிருந்து திருப்பாதிரிப்புலியூர் இறைவனைப் பாடிவிட்டு அவர் போய்ச் சேர்ந்தது தமக்கை திலகவதியார் இருந்த திருவதிகைக்கு. திருவதிகை இன்று பண்ருட்டியை ஒட்டிய ஊர். அவர் நடந்தது கெடிலக்கரைக் கோயில்கள் வழியாக. இன்றைய சாலையின் மேலேயே நடந்தார் என்று சொல்ல முடியாது. ஆனால் ஏழாம் நூற்றாண்டிலேயே கடற்கரைக்கும் அதிகைக்கும் இடையே ஆட்கள் நடமாடிய வழி இருந்தது என்று சொல்லலாம்.

அதே திருவதிகைக் கோயில் பதினெட்டாம் நூற்றாண்டில் வேறொரு வேலைக்குப் பயன்பட்டது. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்ட கர்நாடகப் போர்களின்போது அதன் மதில்கள் கோட்டையாகின. 1750-இல் பிரெஞ்சுப் படைக்கும், ஆங்கிலேயர் துணையோடு வந்த ஆற்காட்டு நவாப் முகம்மது அலியின் படைக்கும் திருவதிகையில் மோதல் நடந்தது. அந்தக் காலத்தில் ஆங்கிலேயரின் பலம் இருந்தது கடலூர் தேவனாம்பட்டினத்து செயின்ட் டேவிட் கோட்டையில்; 1690-இல் மராத்தியரிடம் வாங்கிய கோட்டை அது. சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துவைத்திருந்த 1746-இலிருந்து சில ஆண்டுகள் கம்பெனியின் தென்னிந்தியத் தலைமையிடமே இங்குதான். புதுச்சேரி வடக்கே கூப்பிடு தூரம். உள்நாட்டில் செஞ்சி. கடற்கரைக் கோட்டையிலிருந்து உள்நாட்டுக்குப் பீரங்கியும் அரிசியும் போக வழி வேண்டும். படைகள் புது வழி தேடவில்லை, இருக்கிற வழியைப் பிடித்துக்கொண்டார்கள்.

நெல்லிக்குப்பத்துக்கு வந்தால் கதை சர்க்கரைக்கு மாறுகிறது. பாரி நிறுவனத்தின் சர்க்கரை ஆலை இங்கே 1842-இல் தொடங்கியது. நாட்டின் மிகப் பழைய ஆலைகளில் ஒன்று, இன்றும் ஓடுகிறது. அரவைப் பருவத்தில் ஆலையை நோக்கி டிராக்டரும் லாரியும் வரிசையாக நிற்கும். வண்டியிலிருந்து உருவிய கரும்பைக் கடித்துக்கொண்டே போகும் பிள்ளைகளும் உண்டு.

பண்ருட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பலா, முந்திரி. ஆற்றோர வண்டலிலிருந்து விலகித் தெற்கே செம்மண் மேட்டுக்குப் போனால் முந்திரிக் காடு. சித்திரை வைகாசியில் சாலையோரத்தில் பலாப்பழம் குவிந்துகிடக்கும். பாலூர் வழியாகவும் கடலூருக்கும் பண்ருட்டிக்கும் ஒரு சாலை உண்டு. காய்கறி ஆராய்ச்சி நிலையம் இருக்கும் ஊர் அது. நெல்லிக்குப்பத்தில் கரும்பு வண்டி நெரிசல் என்றால் பலர் அந்தப் பக்கம் திரும்பிவிடுவார்கள்.

சரி, ஏன் சித்தூர்?

1801-இல் ஆற்காடு நவாபிடமிருந்து கர்நாடகப் பகுதி (இன்றைய கர்நாடக மாநிலம் அல்ல) முழுவதும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. பரந்த நிலம். அதில் ஆற்காட்டுப் பகுதியை வட ஆற்காடு, தென் ஆற்காடு என்று பிரித்து ஆளுக்கொரு கலெக்டரை உட்காரவைத்தார்கள். தென் ஆற்காட்டுக்குத் தலைமையிடம் கடலூர். வட ஆற்காட்டின் தலைமையிடம் வேலூர் என்றுதான் நாம் நினைப்போம். அது பிற்பாடு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் வட ஆற்காட்டு கலெக்டர் உட்கார்ந்திருந்தது சித்தூரில்.

இப்போது பெயரைத் திரும்பப் பாருங்கள். கடலூர்–சித்தூர் சாலை என்பது தென் ஆற்காட்டு கலெக்டர் கச்சேரியையும் (அலுவலகத்தையும்) வட ஆற்காட்டு கலெக்டர் கச்சேரியையும் இணைக்கும் சாலை. மாவட்டத் தலைமையிடங்களை இணைப்பதுதான் மாநில நெடுஞ்சாலையின் வேலை என்று மேலே பார்த்தோமே, அந்த விதிக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. என்ன, மாவட்டங்கள்தான் மாறிவிட்டன.

1911-இல் சித்தூர் தனி மாவட்டமானது. வட ஆற்காட்டின் தலைமையிடம் வேலூருக்கு வந்தது. 1953-இல் ஆந்திரம் பிரிந்தபோது சித்தூர் அங்கே போனது. 1960-இல் எல்லைகள் திருத்தப்பட்டுத் திருத்தணி தமிழ்நாட்டுக்குத் திரும்பியது, சித்தூர் நகரம் திரும்பவில்லை. 1989-இல் வட ஆற்காடு உடைந்து வேலூரும் திருவண்ணாமலையும் ஆயின. 1993-இல் தென் ஆற்காடு உடைந்து கடலூரும் விழுப்புரமும் ஆயின. 2019-இல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. திருக்கோவிலூர் அதனோடு போயிற்று. வேலூரும் அதே ஆண்டில் மூன்றானது. இரண்டு கலெக்டர்களுக்கு இடையே ஓடிய சாலை இன்று தமிழ்நாட்டில் மட்டும் ஐந்து மாவட்டங்கள் வழியாக ஓடுகிறது. பலகையில் மட்டும் சித்தூர் அப்படியே இருக்கிறது.

இதை வைத்து, இந்தச் சாலையையே கலெக்டர்கள் போட்டார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. கடலூர்–பண்ருட்டித் துண்டு கோயில் வழி, ஆற்றோர வழி. திருக்கோவிலூர் சங்க காலக் குறுநில மன்னன் மலையமான் காலத்திலிருந்தே பெயர்பெற்ற ஊர். பெண்ணையாற்றைக் கடக்கும் துறை. திருவண்ணாமலைக்கு நடந்துபோகும் பக்தர்கள் எக்காலமும் உண்டு. வேலூர்க் கோட்டைக்குப் படை வழி. பழைய வேட்டித் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த ஒட்டுப்போர்வை மாதிரிதான் இது. நிர்வாகம் செய்தது, துண்டுகளுக்கு ஒரு பெயர் வைத்துத் தொடர்ச்சியாக எண் போட்டதும், நடுநடுவே விட்டுப்போன இடங்களில் பாலமும் மதகும் கட்டியதும்.

நெடுவழிக்குப் பெயரும் தூரக் கணக்கும் வைப்பதும் நம்மூரில் ஆங்கிலேயர் கொண்டுவந்ததல்ல. சோழர் கால, அதற்குப் பிந்தைய கல்வெட்டுகளில் 'பெருவழி' என்று நெடுஞ்சாலைகள் பேசப்படுகின்றன. தருமபுரிப் பக்கம் கிடைத்த அதியமான் பெருவழிக் கல் ஒன்றில் நாவற்தாவளம் என்ற ஊருக்கு எத்தனை காதம் என்று எழுத்தில் வெட்டி, எழுத்துத் தெரியாதவர்களுக்காகக் குழிகளாகவும் செதுக்கியிருக்கிறார்கள். பெரிய குழி பத்து, சிறிய குழி ஒன்று. இன்றைய கிலோமீட்டர் கல்லில்கூட அந்தக் கரிசனம் கிடையாது.

பண்ருட்டிக்கு அப்பால்

பண்ருட்டியிலிருந்து மேற்கே போனால் மடப்பட்டு. கடலூரிலிருந்து இதுவரையிலான பகுதி, ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனோடு நடக்கும் சென்னை–கன்னியாகுமரி தொழில் வழித்தடத் திட்டத்தில் அகலப்படுத்த எடுத்துக்கொள்ளப்பட்டது. மடப்பட்டைக் கடந்ததும் பெரியசெவலை. இங்கே கூட்டுறவுத் துறையின் செங்கல்ராயன் சர்க்கரை ஆலை. ஆக ஒரே சாலையில், அதிகத் தூரமில்லாமல், இரண்டு சர்க்கரை ஆலைகள்.

இது சாலைக்கு என்ன செய்கிறது? கொஞ்சம் பொறியியல். தார்ச்சாலை என்பது மேலே தெரியும் கறுப்புத் தளம் மட்டும் இல்லை. அடியில் இறுக்கிய மண் படுகை, அதன் மேல் சரளை, அதன் மேல் ஈரக்கலவை ஜல்லி, கடைசியில் இரண்டு அடுக்குத் தார்க் கலவை. சக்கரத்தின் பாரம் இந்த அடுக்குகள் வழியாகப் பரவிப் பரவி மண்ணுக்குப் போகும்போது மண் தாங்கும் அளவுக்குக் குறைந்திருக்க வேண்டும். 1950-களின் இறுதியில் அமெரிக்காவின் இல்லினாய்ஸில் சோதனைச் சாலைகள் போட்டு லாரிகளை ஓட்டிப் பார்த்தபோது ஒன்று தெரியவந்தது: அச்சின் பாரம் இரண்டு மடங்கானால் சேதம் இரண்டு மடங்கு ஆவதில்லை, ஏறக்குறைய பதினாறு மடங்காகிறது. பாரம் எத்தனை மடங்கோ, அந்த எண்ணை நான்கு முறை எழுதிப் பெருக்கினால் வரும் மடங்கில் சேதம் ஏறும். நம் நாட்டில் நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கு 2018 முதல் 11.5 டன் வரை அனுமதி. ஒரு காரின் அச்சில் முக்கால் டன் இருந்தால் அதிகம். கணக்குப் போட்டால், சட்டப்படி பாரம் ஏற்றிய அந்த ஒரு அச்சு சாலைக்குச் செய்யும் சேதம், கார் அச்சு செய்வதைப்போல ஐம்பதாயிரம் மடங்கு வரும். சட்டத்தை மீறி ஏற்றினால் சொல்லவே வேண்டாம். சாலை கெட்டதற்கு 'வண்டி பெருத்துப்போச்சு' என்று பைக்கையும் காரையும் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

அடுத்த எதிரி தண்ணீர். சாலையின் நடுப்பகுதி ஓரத்தைவிட உயர்ந்திருக்கும். ஏழு மீட்டர் அகல இருவழிச் சாலையில் இந்த உயர வேறுபாடு எட்டு ஒன்பது சென்டிமீட்டர். மழைநீர் இருபுறமும் வழிந்து ஓடை வழியாகச் சிறுபாலத்துக்குப் போக வேண்டும். ஊருக்குள் வந்ததும் இந்த ஏற்பாடு கெடுகிறது. சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது, சாக்கடை நகராட்சியுடையது. கடைவாசலில் சிமெண்ட் போட்டு மேடாக்கியதும் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. தார் நனைந்துகொண்டே கிடந்தால் ஜல்லி விட்டுவிடும், அடுத்த டிராக்டரில் குழி விழும். குழியை மூடவேண்டிய துறைக்கும் தண்ணீரை வடிக்கவேண்டிய உள்ளாட்சிக்கும் நடுவே மனுக்கள் போய்வரும்.

தளத்தின் மேல் தளமாகப் போட்டுக்கொண்டே போனதில் ஊருக்குள் வீடுகள் பள்ளமானதும் இப்படித்தான். பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுத்தளம் போட வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசு அறிவுறுத்தியது. கடைப்பிடிக்கிறார்களா என்பதை உங்கள் வாசல்படியை வைத்து நீங்களே அளந்துகொள்ளலாம்.

பெரிய வெள்ளம் வந்தால் இந்த நுணுக்கம் எதுவும் நிற்காது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறந்துவிடப்பட்டது. பெண்ணையாறு கரை புரண்டு திருக்கோவிலூர்ப் பக்கத்திலிருந்து கடலூர் வரை ஊர்களுக்குள் புகுந்தது. சாத்தனூர் திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே திறந்தால் கடலூரில் முழங்கால் நனையும். சாலையும் ஆறும் ஒரே ஊர்களைக் கோத்துக்கொண்டு போவதால், வெள்ளக் காலத்தில் இந்தச் சாலையை நம்ப முடியாது.

பச்சைக் கல் மஞ்சளாகும் இடம்

திருக்கோவிலூரில் உலகளந்த பெருமாள் கோயிலைத் தாண்டிப் பெண்ணையாற்றுப் பாலம் ஏறினால் அக்கரை மணம்பூண்டி. அங்கிருந்து திருவண்ணாமலை. பௌர்ணமி என்றால் கடலூர், புதுச்சேரிப் பக்கத்து பஸ்கள் கிரிவலக் கூட்டத்தோடு இங்கே வந்து சேரும். கார்த்திகை தீபத்துக்கு என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் வரை கதை மாறுகிறது. கலசபாக்கம், போளூர், கண்ணமங்கலம் வழியாகப் போகும் இந்தப் பகுதி தேசிய நெடுஞ்சாலையாக்கப்பட்டது. மங்களூரிலிருந்து வரும் 234-ஆம் எண்ணின் பகுதியாக முதலில் இருந்தது. இப்போது வேலூர்–தூத்துக்குடி வழியான 38. அதாவது ஒரு பழைய மாநில நெடுஞ்சாலையின் நடுத்துண்டை எடுத்து வேறொரு நெடும்பாதையில் பொருத்திவிட்டார்கள். இது இங்கே மட்டும் நடப்பதில்லை. கடலூர்–விருத்தாசலம்–சின்னசேலம் சாலையும் மாநிலத்திடமிருந்து போய் இன்று தேசிய நெடுஞ்சாலை 532.

அந்த எண்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. 2010-இல் புதிய எண்முறை வந்தபோது, வடக்கு தெற்காகப் போகும் முதன்மைச் சாலைகளுக்கு இரட்டைப்படை எண், கிழக்கு மேற்கானவற்றுக்கு ஒற்றைப்படை எண் என்று வைத்தார்கள். மூன்று இலக்கம் என்றால் கிளைச் சாலை; கடைசி இரண்டு இலக்கம் தாய்ச்சாலையைக் காட்டும். விழுப்புரம்–புதுச்சேரிச் சாலை 332, கடலூர்–சின்னசேலம் 532; இரண்டுமே 32-இன் கிளைகள். மாநில நெடுஞ்சாலை எண்களில் இப்படித் திசையோ கிளையோ எதுவும் தேட வேண்டாம். 9 என்பது 9-தான்.

தேசிய நெடுஞ்சாலையானால் லாபமா? பணம் மத்திய அரசிடமிருந்து வரும், அகலம் கூடும். சுங்கச்சாவடியும் வரலாம். முடிவெடுக்கும் அதிகாரம் கை மாறும். 2017-இல் வேலூர், கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நெடுஞ்சாலைக் கற்களில் ஆங்கிலத்தை அழித்து இந்தி எழுதியபோது எழுந்த எதிர்ப்பு நினைவிருக்கலாம். மஞ்சள் கல்லில்தான் அது நடந்தது. பச்சைக் கல்லில் என்ன எழுதுவது என்பது சென்னையில் முடிவாகும் விஷயம். ஒரு சாலை தேசிய நெடுஞ்சாலையாக வேண்டும் என்று மனு கொடுக்கும் ஊர்கள் டோல் கட்டணத்தைப் பற்றியும் முன்கூட்டியே யோசிப்பது நல்லது என்பது என் கருத்து. எல்லாச் சாலைக்கும் மஞ்சள் தலை தேவையில்லை. கரும்பு வண்டியும் டவுன் பஸ்ஸும் பலாப்பழ லாரியும் ஓடும் கடலூர்–பண்ருட்டிச் சாலைக்கு வேண்டியது நல்ல ஓரத்தளமும் வடிகாலும்தான்.

வேலூரில் கோட்டையைத் தாண்டிப் பாலாற்றுப் பாலம், அக்கரை காட்பாடி. வடக்கே கிறிஸ்டியான்பேட்டைச் சோதனைச் சாவடி வருகிறது. அதோடு தமிழ்நாட்டு நெடுஞ்சாலைத் துறையின் வேலை முடிந்தது. சித்தூர் ஊருக்குள் போகும் மீதிச் சாலையைப் பார்த்துக்கொள்வது ஆந்திரத்துக்காரர்கள்.